இடஞ்சுழி வீடுகள்

செம்பேந்தல் என்று ஓர் ஊர் இருந்தது. இன்னும் இருக்கிறது, ஆனால் நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருப்பதில்லை. ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்ந்த நேரத்தில், அந்த ஊரின் வீடுகள் நகரத் தொடங்கின. ஊர் நடுவில் கல்மூடி போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று உண்டு. அதைச் சுற்றி, எறும்பு ஊர்கிற வேகத்தில், சுவர் விரியாமல், ஓடு சரியாமல், அடுப்பில் வைத்த பால் தளும்பாமல், மாடிவீடு, ஓட்டுவீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லாம் புறப்பட்டன. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன, மின்கம்பங்கள் நின்றன, கோலங்களும் போட்ட இடத்திலேயே கிடந்தன. பின்னால் வந்த வீட்டுக்காரி முன்னால் போனவளின் கோலத்தைத் தன் வாசலாக்கிக்கொண்டு, "புள்ளி ஒண்ணு தப்பா வச்சிருக்கா பாரு" என்று குறையும் சொன்னாள்.

ஆச்சரியப்பட யாருக்கும் பொழுதில்லை, நடவு வேலை தலைக்கு மேல் கிடந்தது. தபால்காரர் இரண்டொரு தரம் வீடுகளைத் தேடி அலைந்துவிட்டு, பிறகு வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டு, வீடு தன்னைத் தேடி வரட்டும் என்று இருந்துவிட்டார், வந்த வீட்டின் ஜன்னலுக்குள் கடிதத்தைப் போட்டார். மின்வாரியத்து ஆள் அறுந்து தொங்கிய கம்பிகளை அண்ணாந்து பார்த்து, "மொதல்ல ஊரு ஒரு எடத்துல நிக்கட்டும், அப்புறம் கரண்டு குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர், போன மாதம் பெண் பார்த்த இடத்தில் நின்ற வீட்டுக்குள் நுழைந்து, கால் கழுவி, வடை பாயசத்தோடு சாப்பிட்டு, வெற்றிலை போடும்போதுதான் மாமியார் மாறிப்போனதைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டுக்காரர்களும், வந்தவர் சாப்பிடட்டுமே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார்களாம்.

போகப்போக ஊருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீடுகள் வலப்பக்கமாகச் சுற்றின. கோயிலை நாம் சுற்றுகிற அதே பக்கம். ஒரு சந்தைக்கும் மறு சந்தைக்கும் நடுவில் ஒரு சுற்று முடிந்தது. உட்கார்ந்த இடத்தில் பிரதட்சணம், தூங்குகிறபோதும் புண்ணியம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். அந்தக் கிணற்றுக்கும் ஒரு மரியாதை ஏற்கெனவே உண்டு. அதில் யாரும் தண்ணீர் இறைத்ததாகக் கேள்வியே இல்லை, ஆனால் செம்பேந்தலுக்கு வாழ வருகிற ஒவ்வொரு மருமகளும், வலதுகால் எடுத்துவைத்து வீட்டுக்குள் போவதற்கு முன், அந்தக் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு பிடி பச்சரிசியைத் தோளுக்கு மேலாக அதன் கல்மூடியில் இருக்கிற ஓட்டைக்குள் எறிய வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் என்று எந்த மருமகளும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் போட்டோக்காரர்கள் அதை மறக்காமல் படம் எடுத்து ஆல்பத்தில் வைக்கிறார்கள்.

இதெல்லாம் சரிதான். ஆனால் ஏழு வீடுகள் மட்டும் இடப்பக்கமாகச் சுற்றின.

ஊரே வலமாக வர, அந்த ஏழும் எதிரே வந்தன. முதலில் சிரித்தார்கள், "ஏம்பா, ரிவர்ஸ் கியர்ல போறியா" என்று கேலி பேசினார்கள். அப்புறம் யாரோ ஒருத்தர் சொல்லாமல் எல்லாருக்கும் தோன்ற வேண்டியது தோன்றிவிட்டது: இடப்பக்கமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுமக்கிற பிள்ளை மட்டும்தான். சிரிப்பு நின்றுபோனது. அந்த ஏழு வீடுகளில் ஒன்று கயிறு திரிக்கிற பெரியதம்பியுடையது. இன்னொன்று மாவு மில் வைத்திருக்கிற மாசிலாமணியுடையது. மாசிலாமணியின் மனைவி ரஞ்சிதம், கல்யாணமாகிப் பல வருஷம் ஏறாத கோயிலெல்லாம் ஏறி, அப்போதுதான் நிறைமாதமாக இருந்தாள்.

மாசிலாமணி தன் தங்கைக்குப் போன் செய்தான். "ஒன் படிப்புல இதுக்கு ஏதாச்சும் இருக்குதா அஞ்சு? போன்லயே சொல்லிடு. நீ வராத."

அஞ்சுகத்துக்கு வேலை, தொலைவில் ஒரு மலைமேல் இருக்கிற வானாய்வு நிலையத்தில். நட்சத்திரங்களுக்கும் நம்மைப் போல வகையறா உண்டு, அதைப் பிரித்து அறிவதுதான் அவள் படிப்பு. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வானவில் மாதிரி விரித்து, அதில் விழுகிற கறுப்புக் கோடுகளைப் பார்த்து, நீ எந்த மேகத்தில் பிறந்தாய், உன் உடம்பில் இரும்பு எவ்வளவு, உன்கூடப் பிறந்தவர்கள் இப்போது எங்கெங்கே சிதறிக் கிடக்கிறார்கள், எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்று அவள் விசாரிப்பாள். அப்படி லட்சக்கணக்கான நட்சத்திரங்களிடம் விசாரித்து முடித்தால், இவ்வளவு பெரிய பால்வெளி எப்படிக் கூடியது, யார் யார் வந்து சேர்ந்து இப்படியானது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். கெட்டிக்காரி. அவளிடம் ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பழக்கத்தில்தான்: நிலையத்து மெஸ்ஸில் பொங்கலன்றைக்குக் கரண்டியை வாங்கினால், சமையல்காரர், "என்னம்மா, எல்லாரும் ஒரு பக்கம் கிண்டினா நீங்க மட்டும் மறுபக்கமாக் கிண்டுறீங்க" என்று சிரிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே இடப்பக்கமாகக் கிண்டுவாள்.

வராதே என்று அண்ணன் சொன்னதால் அன்றைக்கே பஸ் ஏறினாள்.

ஊர்க்கூட்டம் பால் சொசைட்டி வாசலில் கூடியது. சொசைட்டிக் கட்டடமும் நகர்ந்துகொண்டிருந்தபடியால், கூடியிருந்தவர்கள் பேச்சுக்கு நடுவே அவ்வப்போது இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஊர்த்தலைவர் துரைக்கண்ணு நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏம்மா அஞ்சுகம், வானத்துல சுத்தறதெல்லாம் ஒனக்குத் தெரியும்ங்கறாங்க. இங்க சுத்தறதுக்கு என்னா அர்த்தம்?"

தெரியாது மாமா என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும், அதுவும் சொந்த ஊர் கேட்கிறது. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வட்டம் போட்டாள்.

"கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்ததுதான் மாமா நம்ம பால்வெளி. எல்லாம் நடுவைத்தான் சுத்துது. முக்காவாசி ஒரே பக்கமாச் சுத்தும். செலது மட்டும் எதுத்தாப்புல வரும். ஏன்னு தோண்டிப் பாத்தா, அதுங்க இங்கப் பொறந்ததே இல்ல. வேற ஒரு சின்னக் கூட்டத்துல பொறந்ததுங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, அந்தச் சின்னக் கூட்டத்த நம்ம பால்வெளி வுழுங்கிடுச்சி."

"வுழுங்கிடுச்சா?"

"ஆமா மாமா. வுழுங்கினாலும் அதுங்க நடை மாறல. அத வச்சித்தான் கண்டுபுடிக்கறோம்."

துரைக்கண்ணு யோசித்தார். "வுழுங்கினது அப்புறம் எங்க போயிச் சேரும்?"

"கொஞ்சம் கொஞ்சமா நடுவப் பாத்து எறங்கும்" என்றாள் அஞ்சுகம். சொன்ன பிறகுதான் குச்சி பிடித்த கை நின்றது.

"யாரும் எதுவும் பண்ணறதில்ல. தானா நடக்கறது, அப்பிடித்தானம்மா?"

"தானாதான்..."

"அப்ப இயற்கைன்னு சொல்லு" என்றார் துரைக்கண்ணு, நிம்மதியாக. கூட்டமும் ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அஞ்சுகத்துக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இடஞ்சுழி வீடு எதிரே வருகிறபோது வலஞ்சுழி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன, தெருவில் பிணம் போகிறபோது சாத்துவார்களே, அப்படி, சத்தம் இல்லாமல். வீடு கடந்து போனதும் கதவைத் திறந்து, சாணித் தண்ணீர் கரைத்து வாசலில் தெளித்தார்கள். கடைக்காரர் கேட்ட சாமானைக் கொடுத்தார், ஆனால் கையில் கொடுக்காமல் திண்டின்மேல் வைத்தார். டீசல் எஞ்சினில் ஓடிய மாவு மில்லுக்கு வருகிற கூட்டம் நின்றது. ரஞ்சிதத்துக்கு வளைகாப்பில் வளையல் போட்ட பெண்கள், ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தால் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: "நாங்க என்னா பண்ணினோம்? படிச்ச பொண்ணே சொல்லிடுச்சி. வானத்துலயே அப்பிடித்தானாம்."

"ஒரு பேச்ச மறச்சிருக்கக் கூடாதா அஞ்சு?" என்று ரஞ்சிதம் கேட்டாள், கோபமில்லாமல். அஞ்சுகம் எத்தனையோ நட்சத்திரங்களை இந்த வகையறா, அந்த வகையறா என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறாள், அவற்றில் ஒன்றுகூட அவளை இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

ஏழு வீடுகளும் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்வாங்கிக்கொண்டே வந்தன. எல்லாவற்றிலும் உள்ளே இருந்தது பெரியதம்பியின் வீடு. தனி ஆள். ஒரு நாள் உச்சி வெயிலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவர் தன் வாசற்படியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறபோது, கிணற்றின் கல்மூடி தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. வீடு பெரிது, கிணற்று வாய் சிறிது. ஆனாலும் வாய்க்குள் கவளம் போகிற மாதிரி வீடு போனது, ஒரு ஓடுகூட வெளியே உதிரவில்லை. பெரியதம்பி கத்தவும் இல்லை. கையிலிருந்த கயிற்றைத் திரித்துக்கொண்டே உள்ளே போனார், கயிறு அவருக்குப் பின்னால் நீளமாகப் போனது, கல்மூடி திரும்ப வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஒரு முழக் கயிறு மட்டும் வெளியே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அடுத்த வீடு மாசிலாமணியுடையது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அஞ்சுகம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். அன்று சாயங்காலமே ரஞ்சிதத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். எல்லைக்கல் வரைக்கும் கால் நன்றாகத்தான் நடந்தது. கல்லைத் தாண்டி வைத்த அடி மட்டும் நேராகப் போகாமல் இடப்பக்கமாக வளைந்தது, அடுத்த அடி இன்னும் வளைந்தது, மூன்று பேரும் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே நடந்து தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆம்புலன்ஸ்காரர் எல்லைக்கல் பக்கத்தில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். எத்தனை தரம் கிளம்பினாலும் கால் வீட்டுக்கே வந்தது. அஞ்சுகம் முதல்தடவையாகத் தன் கால்களைப் பார்த்துப் பயந்தாள்.

பயந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்வார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு நட்சத்திரம் எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், அது வந்த பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். வீடுகள் மண்ணில் இழுத்துவிட்டுப் போன தடம் இருந்தது. ஒவ்வொரு தடத்திலும் முளைக்குச்சி அடித்து, பெரியதம்பி எப்போதோ மில்லுக்குக் கொடுத்த கயிற்றைக் கட்டி, வளைவு எந்தப் பக்கம் விரிகிறதோ அந்தப் பக்கமாகவே நீட்டிக்கொண்டு போனாள், முள்ளுக்குள், வரப்புமேல், வாய்க்காலைத் தாண்டி. போகிற வழியெல்லாம் கதவுகள் சாத்திக்கொண்டன. ஏழு கயிறுகளும் ஊருக்கு வெளியே, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கத்தில், கரிமேடு என்கிற இடத்தில் போய் ஒன்றாகச் சேர்ந்தன.

கரிமேட்டில் யாரும் உழுவதில்லை. மழை பெய்தால் அங்கே கருகிய கேழ்வரகு மேலே வரும், சின்ன வயதில் அஞ்சுகமே பொறுக்கி விளையாடியிருக்கிறாள், கறுப்பு மிளகு என்று. இப்போது குச்சியால் கிளறினாள். கேழ்வரகு வந்தது. இன்னும் கிளறினாள். மூன்று அடுப்புக்கல் வந்தது, வைத்தது வைத்தபடி. கொஞ்சம் தள்ளிக் கிளறினாள், அங்கேயும் மூன்று. இன்னும் தள்ளி, அங்கேயும். அடுப்பு இருந்த இடத்தில் வீடு இருந்திருக்கும், வீட்டில் ஆள் இருந்திருக்கும், சோறு வேகிற நேரத்தில் யாரோ வந்திருக்கிறார்கள். அவள் குச்சியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். வானத்தில் விழுங்குகிறது, விழுங்குகிறது என்று எத்தனை கூட்டத்தில், எத்தனை கட்டுரையில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். நட்சத்திரங்களை யாரும் தீவைத்து விழுங்குவதில்லை.

யாரிடம் சொல்வது? ஒரு தரம் வாயைத் திறந்ததற்கே ஒரு வீடு போய்விட்டது. அண்ணனிடம்கூடச் சொல்லாமல் மூடிவைத்துக்கொண்டாள்.

ஆடிக் கடைசி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். வழக்கம்போலக் கிணற்றைச் சுற்றிக் கோட்டை அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாக ஏற்றி, வலஞ்சுழி வீட்டுப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் சேலை கட்டித் துடுப்போடு வந்துவிட்டார்கள். ஆறு வீட்டாரையும் யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மாசிலாமணியின் வீடு அதற்குள் கிணற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது. அண்டாக்களின் புகை அதன் ஜன்னலுக்குள் போனது. காலையிலேயே ரஞ்சிதத்துக்கு வலி எடுத்துவிட்டது. இடஞ்சுழி வீட்டுக் கிழவிகள் இரண்டு பேர் உள்ளே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்கள், மாசிலாமணி நிலைப்படியில் கையைக் கோத்துக்கொண்டு, வீட்டைத் தன் முதுகால் நிறுத்திவிடலாம் என்பதுபோலச் சாய்ந்து நின்றான். உள்ளே ரஞ்சிதம் கத்துகிறாள், வெளியே பெண்கள் குலவை போடுகிறார்கள், கல்மூடி ஒரு விரற்கடை ஒதுங்கியது.

அஞ்சுகம் வாசலில் நின்று அந்தக் கல்லைப் பார்த்தாள். அப்புறம், கல்லைப் பார்க்கப் பயந்து, பெண்களைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது.

வருஷா வருஷம் பார்த்ததுதான், ஊரில் எல்லாரும் பார்த்ததுதான், பார்த்துப் பார்த்தே யாரும் பார்க்காமல் விட்டது. வலஞ்சுழி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும், கிழவிகளும் நேற்று வந்த மருமகள்களும், வரிசையாக நின்று, துடுப்பை இடப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கால்கள் அவளைக் கேட்காமல் நடந்தன. பெரிய அண்டாவில் துரைக்கண்ணுவின் மனைவி தையல்நாயகி கிண்டிக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் பக்கத்தில் போய் நின்றதும் மற்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"அத்தே, ஒரே ஒரு தரம் வலப்பக்கமாக் கிண்டுங்களேன்."

"கூழ் ஊத்தற நேரத்துல என்னா வெளாட்டு?"

"ஒங்க கால்ல வுழறேன். ஒரு தரம்."

வீட்டுக்குள்ளிருந்து ரஞ்சிதத்தின் குரல் வந்தது. தையல்நாயகிக்கு அந்தக் குரலைக் கேட்டு என்ன தோன்றியதோ, துடுப்பை மாற்றிப் பிடித்து வலப்பக்கமாகத் தள்ளினாள். கை போகவில்லை. வற்புறுத்தித் தள்ளினாள், கூழ் கட்டிகட்டியாகத் திரண்டு துடுப்பில் ஏறியது. பக்கத்து அண்டாக்காரி, "தள்ளு, நான் பாக்கறேன்" என்று வந்து பார்த்தாள், அவளாலும் முடியவில்லை. ஒவ்வொருத்தியாகத் தன் அண்டாவில் திருப்பிப் பார்த்தாள். அத்தனை அண்டாவும் கட்டி விழுந்தது.

"ஒங்களுக்கு இப்பிடிக் கிண்ட யாரு சொல்லிக் குடுத்தது அத்தே?"

"எங்க மாமியா. இந்த ஊட்டு அடுப்பு இடப்பக்கம்தான் கேக்கும்னு மொத நாளே கையப் புடிச்சித் திருப்பிவுட்டாங்க."

"அவங்களுக்கு?"

"அவங்க மாமியா."

"அவங்களுக்கு முன்னாடி ஒருத்தி இந்த ஊருக்குப் பொறத்தியிலிருந்து வந்தா. தாலி கட்டி வரல, இழுத்தாந்தாங்க" என்றாள் அஞ்சுகம். "கரிமேட்டுல ஒரு ஊரு இருந்துச்சி. சோறு வேவற நேரத்துல அதக் கொளுத்தினது நம்ம ஊரு. அதுல தப்பிச்ச புள்ளைங்க வளந்து கட்டினதுதான் அந்த ஏழு ஊடு. ஆம்பளைங்க எல்லாம் இந்தக் கெணத்துல, அதான் இதுல யாரும் தண்ணி எறைக்கல. பொம்பளைங்க எல்லாம் ஒங்க அடுப்படியில. அவங்க வேற எதையும் வச்சிக்க முடியல, கைய மட்டும் வச்சிக்கிட்டாங்க. நான் அன்னிக்குத் தானாதான்னு சொன்னது தப்பு. இது தானா நடந்ததில்ல."

அண்டாக்கள் கிண்டுவாரில்லாமல் கொதித்தன. அப்புறம் தையல்நாயகி, தனக்குத்தானே கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாங்க வந்தன்னிக்குப் போட்ட அரிசி?"

பிணத்தின் வாயில் அரிசி போடுவது எல்லாருக்கும் தெரியும். தங்கள் கல்யாணத்தன்றைக்கு, பட்டுப்புடவையும் மாலையுமாக, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று தாங்கள் போட்டது வாய்க்கரிசி என்று அந்தப் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி தன் கையையே பார்த்தாள். ஒருத்தி அண்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், சூடு உறைக்கவில்லை.

கல்மூடி இன்னும் ஒதுங்கியது. மாசிலாமணியின் வாசற்படி கிணற்றின் விளிம்பைத் தொட்டது.

தையல்நாயகி துடுப்பைப் போட்டுவிட்டு, அம்மனுக்கு வைத்திருந்த பச்சரிசியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். செம்பேந்தலில் முதல்தடவையாக ஒரு பெண் அரிசி பிடித்த கையோடு கிணற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றாள். உள்ளே குனிந்து பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அரிசியைப் போட்டுவிட்டு மார்பில் அறைந்துகொண்டு, "எங்கப்பன்மாரே" என்று ஒரு குரல் எடுத்தாள். பின்னால் வந்தவர்களும் எடுத்தார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லி அழுதார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கருகிய கேழ்வரகு வாசனை வந்தது. வெளியே கிடந்த பெரியதம்பியின் கயிற்று நுனி, சாவு வீட்டில் துக்கம் கேட்க வந்தவர் கையைப் பிடித்து விடுவோமே, அப்படி ஒரு தரம் இழுபட்டு நின்றது.

வீடும் நின்றது. பாதி வாசற்படி கிணற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்க, அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை. உள்ளே குழந்தை அழுதது. மாசிலாமணி நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதான். தையல்நாயகி யாரையும் கேட்காமல் கிணற்றின் விளிம்பைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போனாள். ரஞ்சிதத்தின் வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பெண் குழந்தை என்று வெளியே வந்து சொன்னாள். அன்றைக்குக் கூழ் கட்டியாகத்தான் இருந்தது, எல்லாரும் குடித்தார்கள்.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தவர்கள் உண்டு. கூழ் குடித்த கையோடு, துரைக்கண்ணுவின் மாடிவீடு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, பஸ் பின்வாங்கித் திரும்புகிற மாதிரி, இடப்பக்கமாகப் புறப்பட்டது. அதன் பின்னால் பால் சொசைட்டி. அதன் பின்னால் டீக்கடை, மளிகைக்கடை, ஊரில் மிச்சமிருந்த அத்தனை வீடும். எதிரே வர யாரும் இல்லை, எல்லாம் ஒரே பக்கம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டு. சாவு வீட்டில் பெண்கள் நெருக்கி உட்காருவதுபோல அந்தக் கிணற்றைச் சுற்றி அழ வருகின்றனவா, விழ வருகின்றனவா என்று யாருக்கும் தெரியவில்லை.

துரைக்கண்ணு தன் வாசலில் நின்றபடியே வந்தார். கை பழக்கத்தில் கதவைப் பிடித்திருந்தது. மாசிலாமணி வீட்டைக் கடக்கிறபோது, பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அஞ்சுகம் வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

"ஏம்மா அஞ்சுகம்" என்று கூப்பிட்டார். எப்போதும்போலத் தணிந்த குரல்தான். "எங்க ஊடு எங்க போயிச் சேரும்?"

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"தெரியல மாமா" என்றாள். "கதவ மட்டும் சாத்தாதீங்க."